கூட்டக் குறிப்பில் இல்லாதது

அறிக்கைப் புத்தகத்தில் நான் எழுதியது ஒரே வரி:
“வாயிற்கதவு விடயம் பேசப்பட்டது.”
கீழே செயலாளர் என்று என் கையெழுத்து,
திகதி, அதிபரின் முத்திரை.

பேசப்பட்டதா?
முதலில் கத்தப்பட்டது.

திருக்கடலூரில் வள்ளம் கரையேற ஆறரை.
வலையில் மீன் கழற்றி, கை கழுவி,
பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட
எங்களுக்குச் சிறகா இருக்கு?
ஏழரைக்கு மேல் ஒரு நிமிடம், பூட்டு.
கேற்றுக்கு வெளியே வெள்ளைச் சீருடைகள்
காயப்போட்ட நெத்தலி போல் வரிசையில்.

ஆகவே மனு.
அறுபத்துமூன்று கையெழுத்து, அதில் நாலு பெருவிரல்.
“நேர வலயத்துக்கு அனுப்புவம்,
அப்பதான் அவவுக்கு விளங்கும்” என்றான் குணசீலன்.
எல்லாரும் ஓம் என்றார்கள். நானும்தான்.
கவரில் வைத்து, முத்திரை ஒட்டி,
தபாற்பெட்டியின் வாய்வரைக்கும் கொண்டுபோனேன்.
அங்கே கை நின்றுவிட்டது.
நீதி நியாயம் ஒன்றுமில்லை, உண்மையைச் சொன்னால்
என் சின்னவள் அவவிடம்தான் கணக்குப் படிக்கிறாள்.

அதிபர் அறையில் அதிபர் இல்லை.
பத்தாம் ஆண்டு வகுப்பில் நின்றா,
கையில் வெண்கட்டி, இடுப்பில் சாவிக்கொத்து.
மணி அடித்ததும் வந்து மனுவை வாசித்தா,
பெயர்களையும் விடாமல், ஒவ்வொன்றாய்.
“இது பெர்னதெத்தின்ர கைநாட்டோ?” என்றா.
கோபிக்கவில்லை. ஒரு கோவையைத் திறந்து காட்டினா.
காவலாளி ஓய்வுபெற்று இருபத்திரண்டு மாதம்,
ஆள் கேட்டு ஐந்து கடிதம்,
கணக்கு ரீச்சர் கேட்டு இன்னும் மூன்று.
“திறந்துபோட்டு நான் வகுப்புக்குப் போனால்
கோட்டைப் பக்கத்து மான் உள்ளுக்கு வரும்,
ரெண்டாம் ஆண்டுப் பிள்ளை வெளியில போகும்.”
பிறகு யன்னலைப் பார்த்தபடி,
“வெளியில நிக்கிறதுகள நானும் காணுறனான்” என்றா.

அடுத்த கூட்டத்தில்தான் பேசினோம்.
எட்டு மணிவரை சாவி எங்களிடம், முறைவைத்து.
வகுப்புக்குள் போய் ஆசிரியரைக் கேள்வி கேட்பதில்லை.
பிந்தும் பிள்ளையை ஏசுவதில்லை, பெயர் மட்டும் எழுதுவது.
அதுவரை சும்மா இருந்த நிஸ்மியா எழும்பி,
“திரைச்சீலைக்குச் சேர்த்த காசு?” என்றாள்.
மின்விசிறியின் சத்தம் கேட்டது.
அதிபர் பில் எல்லாம் மேசையில் பரப்பிக் கூட்டினா,
இரண்டு முறை கூட்டினா.
முந்நூற்று நாற்பது ரூபாய் இடித்தது.
“எங்க போனதெண்டு எனக்குத் தெரியேல்ல.
என்ர பிழை, அப்பிடியே எழுதுங்கோ” என்றா.
அந்த முந்நூற்று நாற்பதில்தான்
எங்களுக்கு அவவைப் பிடித்துப்போனது.
அதையும் நான் எழுதவில்லை. தொகையை மட்டும் எழுதினேன்.

முதல் வியாழனே குணசீலன்
சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டபடி
கடலுக்குப் போய்விட்டான்.
முழுப் பள்ளிக்கூடமும் றோட்டில்.
பிள்ளைகளோடு பிள்ளையாய் அதிபரும்,
பூட்டிய கேற்றை வெளியிலிருந்து பார்த்தபடி, குடையோடு.
இரண்டு மான்கள் மட்டும்
எப்படியோ உள்ளே நின்று எங்களைப் பார்த்தன.
எட்டேகாலுக்கு நனைந்த சாரத்தோடு ஓடிவந்தான்.
அவ கைக்கடிகாரத்தைப் பார்த்தா,
கொப்பியை நீட்டினா.
“பிந்தினால் பெயர் எழுதவேணும், குணசீலன்.”
எழுதினான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இப்போது சாவியில் ஒரு வலை மிதவை கட்டியிருக்கிறது.

ஆறாவது கடிதம் போன மாதம் போனது.
மேலே அவவின் எழுத்து,
கீழே எங்கள் அறுபத்துமூன்றும், நாலு பெருவிரலும் சேர்த்து.
பழைய கவரின் முத்திரையைக் கேத்தில் ஆவியில் உரித்து
இதில் ஒட்டினேன், காசை ஏன் வீணாக்குவான்.
பதில் இல்லை.
நாளைக்கு என் முறை,
ஏழு மணிக்கு நிற்கவேணும்.